மருந்துக் களஞ்சியத்தைத் தேசிய சுகாதாரத் தகவல் கட்டமைப்போடு இணைப்பது: ஒரு குளிசையின் பின்னால் நடந்து பார்க்கும் வழிகாட்டி

மருதானை டீன்ஸ் வீதியில் மருத்துவ வழங்கல் பிரிவின் வாசலில் நிற்கும் வைத்தியசாலை லொறிகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே சாமான் ஏற்ற வரும் ஒவ்வொரு லொறிக்காரர் கையிலும் ஒரு கடதாசிக் கட்டு இருக்கும். உள்ளே கணினி இருக்கிறது, வைத்தியசாலையிலும் கணினி இருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஓடுவது இந்தக் கட்டுத்தான். இதை எப்படிக் குறைப்பது என்பதே இந்த வழிகாட்டி. சுகாதாரத் தகவலியலுக்குள் புதிதாக வந்திருக்கும் மருத்துவ அதிகாரி, களஞ்சியத்தைப் பொறுப்பெடுத்திருக்கும் மருந்தாளர், இவர்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் பொறியியலாளர் ஆகிய மூவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். கொழும்பில் இருந்து எழுதுவதால் உதாரணங்கள் எல்லாம் இங்குள்ளவை.

என் கட்சியை முதலே சொல்லிவிடுகிறேன். இணைப்பு வேலை தோற்கிற இடம் பெரும்பாலும் இரண்டு கணினிகளைப் பேசவைக்கும் இடமல்ல. ஒரு குளிசைக்கு என்ன பெயர், அந்தப் பெயருக்கு யார் பொறுப்பு என்று தீர்க்காமல் விட்ட இடத்தில்தான் தோற்கிறது. ஆகவே இங்கே நிரல் பற்றிய பகுதி சின்னது, பெயர் பற்றிய பகுதி பெரியது.

படி 1: யாரிடம் எது இருக்கிறது என்று ஒரு தாளில் வரையுங்கள்

மென்பொருள் பெயர்களை எழுதாதீர்கள், பொறுப்புகளை எழுதுங்கள். ஒரு மருந்து இலங்கைக்குள் வரலாமா என்று சொல்வது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தந்த அதிகாரம் அது. வாங்குவது பெரும்பாலும் 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம். எவ்வளவு வேண்டும் என்று கணித்து, வாங்கியதை வைத்திருந்து பிரித்துக் கொடுப்பது எம்எஸ்டி என்று நாம் எல்லாரும் சொல்லும் மருத்துவ வழங்கல் பிரிவு. மத்திய அமைச்சின் கீழுள்ள பெரிய வைத்தியசாலைகள் அங்கிருந்து நேரே எடுக்கின்றன. மாகாணத்தின் கீழுள்ளவை 26 பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பிரிவுகளின் பிராந்தியக் களஞ்சியங்கள் வழியே எடுக்கின்றன. தடுப்பூசிகளில் தொற்றுநோயியல் பிரிவின் கையும் இருக்கிறது. அவை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் தனியாகப் பயணிக்கின்றன.

மறுபக்கத்தில் நோயாளர் தரவு. வைத்தியசாலை முறைமைகள், அவற்றில் நோயாளர் ஒருவருக்கு ஒன்று என்று வழங்கப்படும் பிஎச்என் என்ற தனிநபர் சுகாதார இலக்கம், பொதுச் சுகாதாரப் புள்ளிவிபரங்களுக்காக இங்கே பல திட்டங்கள் பயன்படுத்தும் டிஎச்ஐஎஸ்2 என்ற திறந்தமூல மென்பொருள். கொவிட் காலத்தில், 2020 ஜனவரியிலேயே, விமான நிலையக் கண்காணிப்புக்கு இதே டிஎச்ஐஎஸ்2ஐத்தான் இங்கே மாற்றியமைத்தார்கள். பிறகு பல நாடுகள் அந்த வடிவமைப்பை எடுத்துக்கொண்டன. அதனால் உள்ளூரில் ஆள் இல்லை என்று சொல்லி வெளியில் தேடத் தேவையில்லை.

தாளில் இவற்றைப் போட்டு அம்புக்குறி வரைந்தால் ஒன்று தெரியும். மருந்து மேலிருந்து கீழே வருகிறது, தகவல் கீழிருந்து மேலே போகவேண்டும். மருந்துக்கு லொறி இருக்கிறது. தகவலுக்கு மாத முடிவில் ஒரு கடிதம்.

படி 2: நடந்து பாருங்கள்

கூட்ட அறையில் இருந்து பாதை வரையாதீர்கள். மெற்போர்மின் 500 மில்லிகிராம் மாதிரி தினமும் ஓடும் ஒரு மருந்தைத் தெரிவுசெய்து, அது இறங்கும் மேடையிலிருந்து கிளினிக் கவுண்டர் வரை கூடவே நடந்து போங்கள். எத்தனை கை மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் எந்தக் கொப்பியில் எழுதப்படுகிறது என்று குறியுங்கள். பிரதான ஸ்டோர்ஸில் ஒரு லெட்ஜர், ராக்கையில் தொங்கும் பின் கார்ட் என்ற கையிருப்பு அட்டை, உள்ளகக் களஞ்சியத்தில் இன்னொரு கொப்பி, வெளிநோயாளர் பிரிவில் வேறொன்று, வார்ட்டில் தாதி வைத்திருக்கும் பதிவு. கணினி இருந்தாலும் பின் கார்ட் போகாது. மின்சாரம் போன நேரத்தில் அதுதான் கைகொடுக்கிறது. அதை எடுத்துப்போடச் சொல்லும் ஆலோசகரை நம்பாதீர்கள்.

இந்த நடைக்கு இரண்டு நாள் போதும். அதற்குள் கணினிக்கும் ராக்கைக்கும் எங்கே கணக்குப் பிசகுகிறது என்பது பாதி தெரிந்துவிடும்.

படி 3: பெயர் வைப்பது

இந்தப் படிக்கு உங்கள் திட்டக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். சிரிக்காதீர்கள்.

எம்எஸ்டி தன் பொருட்களுக்கு எஸ்ஆர் இலக்கம் என்ற 8 இலக்கக் குறியீட்டைப் பயன்படுத்துகிறது. டெண்டரில் அதுதான், வைத்தியசாலை மருந்து கேட்டு அனுப்பும் இண்டென்டில் அதுதான், வெளிப்பெட்டியில் அச்சடிக்கக் கேட்பதும் அதுதான். இலங்கையின் அரச மருந்து உலகத்துக்கு இது தாய்மொழி மாதிரி. இதைத் தூக்கிவிட்டுப் புதிய குறியீடு கொண்டுவருகிறேன் என்று தொடங்காதீர்கள். ஆனால் எஸ்ஆர் இலக்கம் சொல்வது 'மெற்போர்மின் 500 மில்லிகிராம் குளிசை' என்பதை. எந்தக் கம்பனியின் எந்தப் பெட்டி என்பதை அது சொல்லாது. அதிகாரசபையின் பதிவிலக்கம் கம்பனியையும் உற்பத்தியையும் சொல்லும். பெட்டியின் மேல் உள்ள, ஜிஎஸ்1 என்ற சர்வதேசத் தரத்தில் அமைந்த பார்கோட்டில் இருக்கும் 14 இலக்க ஜிடின் எண் அந்தப் பொதியை, அதாவது 10க்கு 10 பெட்டியா 1000 குளிசைப் போத்தலா என்பதைச் சொல்லும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஏடிசி குறியீடு மருந்து வகையைச் சொல்லும். மெற்போர்மினுக்கு அது ஏ10பிஏ02.

நான்கும் நான்கு வேறு கேள்விகளுக்கான பதில்கள். இவற்றில் எது சரி என்று சண்டைபோட ஒன்றுமில்லை. உங்களுக்கு வேண்டியது இவற்றை ஒன்றோடொன்று கோர்க்கும் ஒரு பொருள் பதிவேடு. மேல் மட்டத்தில் மருந்து, அதன் கீழே கம்பனியின் தயாரிப்பு, அதன் கீழே பொதி. ஒவ்வொரு பொதிக்கும் அதற்குள் எத்தனை குளிசை என்ற எண் கட்டாயம் இருக்கவேண்டும்.

அந்த எண்ணை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், நானே சூடுபட்டவன். ஒரு வைத்தியசாலையில், பெயர் வேண்டாம், நாங்கள் போட்டுக்கொடுத்த முறைமையில் ஒரு குளிசைக்கு 'பொதி = 1000' என்று பதிந்திருந்தோம். முந்தைய கம்பனி போத்தலில் அனுப்பியது. அடுத்த டெண்டரில் வேறு கம்பனி, 100 குளிசைப் பெட்டி. 200 பெட்டி இறங்கியது, ஒருவர் 200 என்று அடித்தார். கணினி 2,00,000 குளிசை என்று சந்தோசமாகக் காட்டியது. உண்மையில் இருந்தது 20,000. மீள்கட்டளைக்கான மஞ்சள் விளக்கு எரியவே இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை கிளினிக் நாளில் ராக்கை காலியானபோது ஸ்டோர்ஸ் மருந்தாளர் அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “தம்பி, உங்கட கம்பியூட்டர் பெட்டியை எண்ணுது, நான் குளிசையை எண்ணுறன். ரெண்டு பேரும் எப்ப சந்திக்கிறது?” அன்றிலிருந்து எங்கள் விதி இதுதான்: முறைமைகளுக்கு நடுவில் போகும் எந்தச் செய்தியிலும் அளவு மிகச் சிறிய அலகில் இருக்கும். குளிசை, வயல் எனப்படும் ஊசிமருந்துக் குப்பி, மில்லிலீற்றர். பெட்டி என்பது திரையில் பார்ப்பதற்கு மட்டும்.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் பல வாரங்களைத் தின்றுவிடும். ஔடதங்களின் எஸ்ஆர் இலக்கங்கள் பல 00 என்று தொடங்கும். யாராவது பட்டியலை எக்செலில் திறந்து சேமித்தால் முன்னாலுள்ள சைபர்கள் பறந்துவிடும், 8 இலக்கம் 6 ஆகிவிடும். குறியீடு இருக்கும் நெடுவரிசையை எப்போதும் எழுத்தாக வையுங்கள், எண்ணாக வைக்காதீர்கள். உள்ளே எடுக்கும்போது 8 எழுத்து இல்லாத எதையும் திருப்பி அனுப்புங்கள். தானாகச் சைபர் சேர்த்துத் திருத்தும் புத்திசாலித்தனம் வேண்டாம். ஒருநாள் அது தவறான மருந்துக்குச் சேர்க்கும்.

பார்கோட் வாசிக்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். ஜிஎஸ்1 முறையில் 01 என்ற முன்னொட்டுக்குப் பின் ஜிடின், 17க்குப் பின் காலாவதித் திகதி, 10க்குப் பின் பாட்ச் இலக்கம், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின் இலக்கம். திகதி வருடம், மாதம், நாள் என்று ஆறு இலக்கம்: 270831 என்றால் 2027 ஓகஸ்ட் 31. சில பெட்டிகளில் நாள் 00 என்றிருக்கும். அது பிழையல்ல, அந்த மாதத்தின் கடைசி நாள் என்று பொருள். இது தெரியாமல் எழுதிய நிரல் நல்ல மருந்தை 'திகதி பிழை' என்று வாசலில் நிறுத்திவைக்கும்.

கடைசியாக, பதிவேட்டுக்கு ஒரு சொந்தக்காரரை நியமியுங்கள். புதிய எஸ்ஆர் இலக்கம் வந்தால் யார் சேர்ப்பார், பழையது நீங்கினால் யார் மூடுவார் என்பது ஒரு பதவியின் பெயரோடு சுற்றறிக்கையில் வரவேண்டும். குழு என்று எழுதினால் ஒருவரும் செய்யமாட்டார்கள்.

படி 4: இடங்களுக்கும் பெயர் வேண்டும்

களுபோவில என்பவரும் கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலை என்பவரும் ஒரே இடத்தைத்தான் சொல்கிறார்கள். ராகமவும் கொழும்பு வடக்கும் அப்படியே. மனிதருக்கு விளங்கும், கணினிக்கு இரண்டு வைத்தியசாலை. ஆகவே நிறுவனப் பதிவேட்டில் ஒரு குறியீடு, அதன் கீழே தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் உத்தியோகபூர்வப் பெயர், ஊர்ப்பெயர் எல்லாம் இருக்கட்டும்.

பலர் விடும் பிழை, வைத்தியசாலையைக் களஞ்சியமாக நினைப்பது. ஒரு பெரிய வைத்தியசாலைக்குள் பிரதான ஸ்டோர்ஸ், சத்திரசிகிச்சைப் பொருள் களஞ்சியம், உள்ளக டிஸ்பென்சரி, வெளிநோயாளர் டிஸ்பென்சரி என்று பல இடங்கள் உண்டு. புள்ளிவிபரத்துக்கு வைத்தியசாலை ஒன்று போதும். கையிருப்புக்கு ஒவ்வொரு ராக்கையும் ஓர் இடம்.

படி 5: நடுவில் ஒரு சந்தி

ஆறு முறைமைகளை ஒன்றோடொன்று நேரே இணைத்தால் 15 இணைப்பு. ஏழாவது வந்தால் 21. ஒவ்வொன்றும் தனி ஒப்பந்தம், தனிக் கடவுச்சொல், தனித் தலைவலி. ஓபன்எச்ஐஇ என்ற கட்டமைப்பு மாதிரி சொல்வது, எல்லாரும் நடுவில் ஓர் இடைத்தளத்தோடு மட்டும் பேசுங்கள் என்று. அந்த இடைத்தளம் யார் கேட்கிறார் என்று சரிபார்க்கும், போன செய்தியைப் பதிந்துவைக்கும், வடிவத்தை மாற்றிக்கொடுக்கும். ஓபன்எச்ஐஎம் என்ற திறந்தமூல மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. வழங்கல் முறைமைக்கு அந்த மாதிரியிலேயே ஓர் இடம் உண்டு, பொருள் பதிவேட்டுக்கும் உண்டு. ஆகவே வழங்கலை ஒட்டுவேலையாகப் பிறகு கொண்டுவருவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

படி 6: என்ன அனுப்புவது

முதல் கட்டத்தில் மூன்று எண்கள் போதும்: மாத முடிவில் கையிருப்பு, அந்த மாதம் போனது, எத்தனை நாள் இல்லாமல் இருந்தது. மருந்துக்கு, இடத்துக்கு, மாதத்துக்கு. இதை டிஎச்ஐஎஸ்2க்குள் தொகுப்புத் தரவாக, அதாவது கூட்டிய எண்களாக, அனுப்பலாம்.

மூன்றாவது எண்ணைத்தான் எல்லாரும் விடுவார்கள். அதை விட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். 30 நாள் மாதத்தில் 900 குளிசை போயிருக்கிறது, ஆனால் 10 நாள் ராக்கை காலி. மாதப் பாவனை 900 என்று எழுதினால் அடுத்த வருட எஸ்டிமேட் 900இல் நிற்கும். உண்மையில் 20 நாளில் 900 போனது, ஆகவே முழு மாதத்துக்கு 1350. தட்டுப்பாடு தன்னைத்தானே அடுத்த வருடத்துக்கும் எழுதிவைத்துக்கொள்ளும் விதம் இது. 2022இல் மருந்து இல்லாமல் நோயாளர்கள் வெளிப் பாமசிகளில் வரிசையில் நின்ற மாதங்களின் பாவனையை அப்படியே எடுத்து எதிர்காலத்தைக் கணித்தால், அந்த வரிசையையும் சேர்த்தே திட்டமிடுகிறோம்.

இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொரு அசைவும். சுகாதாரத் தரவுகளைப் பரிமாறுவதற்கான எச்எல்7 ஃபையர் தரத்தில் இண்டென்டுக்கு சப்ளை ரெக்வெஸ்ட், லொறியில் போவதற்கு சப்ளை டெலிவரி, கவுண்டரில் நோயாளரிடம் கொடுப்பதற்கு மெடிகேஷன் டிஸ்பென்ஸ் என்ற வடிவங்கள் உண்டு. கையிருப்பு அறிக்கைக்கென்று தனி வடிவம் ஐந்தாம் பதிப்பில்தான் வந்தது. நான்காம் பதிப்பில் நின்றால் அந்த ஒன்றுக்கு மட்டும் தொகுப்புத் தரவு வழியே போவது லேசு. இழுத்து நீட்டி ஏதாவது கண்டுபிடிக்காதீர்கள்.

மூன்று பொறிகள் இங்கே இருக்கின்றன.

ஒன்று, இரட்டிப்பு. மின்சாரம் போகிறது, பதில் வரவில்லை, வைத்தியசாலைக் கணினி அதே செய்தியைத் திரும்ப அனுப்புகிறது. 500 வயல் 1000 ஆகிறது. ஒவ்வொரு செய்திக்கும் மாறாத ஓர் அடையாள இலக்கம் இருக்கட்டும். அதே இலக்கம் மறுபடி வந்தால் வாங்குபவர் 'கிடைத்தது' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கவேண்டும்.

இரண்டாவது, நேரம். சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடும், நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால். முதலாம் திகதி விடியற்காலை 2 மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவு எடுத்த மருந்து, சர்வர் கணக்கில் முந்தைய நாள் இரவு 8.30, முந்தைய மாதம். மாத இறுதிக் கணக்கு சில்லறையாகப் பிசகிக்கொண்டே இருந்தால் முதலில் இதைப் பாருங்கள். செய்தியில் +05:30 என்று நேரவலயத்தைச் சேர்த்தே எழுதுங்கள்.

மூன்றாவது, அசைவுகளை மட்டும் அனுப்பி மிச்சத்தைக் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிப்பது. ஒரு செய்தி தொலைந்தால் அதன்பின் எல்லாம் பொய். பகலில் அசைவுகள், இரவில் ஒருமுறை முழுக் கையிருப்பு. இரண்டும் ஒத்துவராவிட்டால் யாருக்காவது மின்னஞ்சல் போகட்டும். தானாகத் திருத்த வேண்டாம்.

படி 7: நோயாளர் தரவை எங்கே நிறுத்துவது

வழங்கல் முறைமைக்கு நோயாளரின் பெயர் தேவையில்லை. எத்தனை குளிசை, எந்தப் பாட்ச் என்பது போதும். பிஎச்என் இலக்கத்தோடு கூடிய பதிவு சுகாதாரப் பதிவேட்டுக்குள்ளேயே இருக்கட்டும், மேலே எண்ணிக்கை மட்டும் போகட்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை உட்கார்ந்து வாசியுங்கள், சட்டத்தரணியிடம் விடாதீர்கள்.

எண்ணிக்கையும் சில வேளை ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஒரு சிறிய வைத்தியசாலையில் ஒரேயொருவர் மட்டும் எடுக்கும் எச்ஐவி மருந்தை நினைத்துப் பாருங்கள். அப்படியான வரிகளை மாவட்ட மட்டத்தில் கூட்டித்தான் காட்டவேண்டும்.

படி 8: பாட்ச் நிறுத்த ஒத்திகை

இணைப்பு வேலைசெய்கிறதா என்று எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான சோதனை இது. ஒரு பாட்ச் பாவனையை நிறுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை வருகிறது என்று வையுங்கள். இன்றைய நிலையில் அது பெக்ஸ், மின்னஞ்சல், வட்சப் என்று இறங்கி, ஒவ்வொரு ஸ்டோர்ஸிலும் ஒருவர் ராக்கையைக் கிளறுவார். வார்ட்டுக்குப் போய்விட்ட பெட்டி அநேகமாக நினைவுக்கு வராது. 2023இல் இமியூனோகுளோபுலின் ஊசிமருந்தின் தரம் பற்றிய விவகாரம் வெடித்தபோது, எந்தப் பாட்ச் எங்கே போனது என்ற கேள்வி நாட்டுக்கே விளங்கியது.

ஒத்திகை இப்படி. பாதிப்பில்லாத ஒரு மருந்தின் உண்மையான பாட்ச் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். காலை 9 மணிக்கு நடுவிலிருந்து 'ஒத்திகை' என்று முத்திரையிட்ட நிறுத்தக் கட்டளையை அனுப்புங்கள். எத்தனை இடத்தில் இருக்கிறது என்று திரை சொல்கிறதைக் குறியுங்கள். பிறகு ஆட்களை அனுப்பிக் கையால் எண்ணுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் முறைமையின் மதிப்பெண். நாங்கள் முதல் தடவை செய்தபோது பிரதான ஸ்டோர்ஸ் சரியாக வந்தது. வார்ட் அலுமாரிகளில் இருந்தது திரைக்குத் தெரியவே இல்லை. வார்ட்டுக்குக் கொடுக்கும்போது பாட்ச் இலக்கத்தைப் பதியச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அடிப்பதற்கு நேரமில்லை என்றார்கள், அதுவும் உண்மை. 6,000 ரூபாய்க்கும் குறைந்த ஸ்கேனர் வேண்டும் என்ற கோரிக்கை கொள்வனவுக் கிளையில் நான்கு மாதம் இருந்தது. கிடைத்தபின் பாட்ச் பதிவு தானாக நடந்தது.

படி 9: கூடவே ஓடவிடுதல், ஒப்பந்தம், காப்புப் பிரதி

பழையதும் புதியதும் குறைந்தது மூன்று மாத முடிவுகள் ஒன்றாக ஓடட்டும். மாதமொருமுறை 20 மருந்துகளைக் கையால் எண்ணுங்கள். அவற்றில் ஐந்து விலை கூடியவை, ஐந்து வேகமாக ஓடுபவை, மிச்சம் குலுக்கல் முறையில்.

மென்பொருள் ஒப்பந்தத்தில் மூன்று வரி கட்டாயம்: தரவு முழுவதையும் எந்த நேரமும் பொது வடிவத்தில் எடுக்க அமைச்சுக்கு உரிமை, இணைப்பு விவரணங்கள் அமைச்சின் சொத்து, காப்புப் பிரதியை மீட்டுக் காட்டுவது வழங்குநரின் கடமை. 2021இல் ஔடத அதிகாரசபையின் தரவுகள் அரச மேகக்கணிமையில் இருந்து அழிந்துபோன செய்தி பத்திரிகைகளில் வந்தபோது, காப்புப் பிரதி எங்கே என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். பிரதி எடுத்தோம் என்ற கையொப்பம் போதாது. வருடத்துக்கு இரண்டு தடவை வெற்றுக் கணினி ஒன்றில் அதை ஏற்றி, நேற்றைய மெற்போர்மின் கையிருப்பு எவ்வளவு என்று கேட்டுப் பதில் வாங்குங்கள்.

தொடங்கும் வாரத்துக்கு என் ஆலோசனை: இரண்டு வைத்தியசாலை, ஒரு பிராந்தியக் களஞ்சியம், 20 மருந்து. அவற்றின் எஸ்ஆர் இலக்கம், பதிவிலக்கம், ஜிடின், பொதி அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஸ்டோர்ஸ் மருந்தாளரிடம் கொடுத்து, ராக்கையில் உள்ள பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சிவப்புப் பேனாவால் திருத்தித் தருவார். அந்தத் தாள்தான் உங்கள் பொருள் பதிவேட்டின் முதல் பதிப்பு.